எல்லயில் காதில் விழும் குட்டி இங்கிலீஷ்

இலங்கை மலையகத்தில் சுற்றுலாக்காரர் மொய்க்கிற எல்ல என்கிற ஊரின் கடைவீதியில் கொத்து ரொட்டி போடுகிற ஏதாவது ஒரு கடையில் மாலை நேரத்தில் கொஞ்சம் நின்று கேட்டால் போதும். ஒரு வெள்ளைக்காரர் உறைப்பு 'எ டேட்' குறையவேண்டும் என்பார். அடுத்த மேசைக்காரருக்கு 'எ வீ பிட்' கூடவேண்டும். இன்னொரு அம்மா பிள்ளையின் தட்டைக் காட்டி, 'ஜஸ்ட் எ ஸ்மிஜன்' என்று விரல்களைக் குவித்துக் காட்டுவார். மூன்று பேரும் சொல்வது ஒன்றுதான்: கொஞ்சூண்டு. பரிமாறுகிற பையன் ஓ.எல். பரீட்சை வரை இங்கிலீஷ் படித்தவன். ஸ்மோல் தெரியும், லிட்டில் தெரியும், டைனிகூடத் தெரியும். வாடிக்கையாளர் வாயில் வருகிற இந்த மூன்றையும் அவனுக்கு எந்த டீச்சரும் சொல்லித் தரவில்லை.

அகராதியைப் புரட்டினாலும் பெரிய உதவி கிடைக்காது. எல்லாவற்றுக்கும் நேரே 'மிகச் சிறிய', 'மிகக் குறைந்த' என்றே போட்டிருக்கும். உண்மையில் அளவைச் சொல்வதற்காக யாரும் இந்தச் சொற்களை எடுப்பது குறைவு. பொருள்மேல் செல்லமா, இளக்காரமா, வாய்விட்டுக் கேட்கக் கூச்சமா என்று பேசுகிறவரின் மனசைத்தான் இவை காட்டிக்கொடுக்கின்றன. நமக்கும் இது தெரிந்த விஷயம்தான். ஒரே வீட்டை ஒருத்தர் 'குட்டி வீடு' என்பார், இன்னொருத்தர் 'புறாக்கூடு' என்பார். இரண்டுக்கும் சதுர அடி ஒன்றுதான்.

'வீ'யிலிருந்து தொடங்கலாம். மலையகத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரு தூரத்து உறவு இருக்கிறது. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இன்றைக்கும் வாய்க்கு வாய் வருகிற சொல் இது. ஸ்கொட்லாந்துக்காரர் போய்க் குடியேறிய நியூசிலாந்தின் தென்பகுதியிலும் கேட்கலாம். வீட்டையும் வீ என்பார்கள், நாயையும் வீ என்பார்கள், ஒரு வாய் விஸ்கியையும் வீ என்பார்கள், அந்த விஸ்கி எவ்வளவு பெரிய கிளாசில் வந்தாலும் சரி. இதன் பிறப்பு வேடிக்கையானது. பழைய இங்கிலீஷில் 'எடை' என்று பொருள்பட்ட ஒரு பெயர்ச்சொல்தான் இது. 'எ லிட்டில் வீ' என்றால் முதலில் 'சின்னதாய் ஓர் எடை', அதாவது கொஞ்சம். லிட்டிலோடு ஒட்டியே கிடந்து அதன் குணம் இதற்கும் ஏறிவிட்டது. கடைசியில் லிட்டில் கழன்றுபோக, வீ மட்டும் 'சின்ன' என்ற பொருளோடு தனியே நின்றது.

மலையகத்தின் ஆரம்பகாலத் தோட்டத் துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் அங்கே கிங்கார்டின்ஷயர் பக்கத்தவர். கிளாஸ்கோ, எடின்பரோ, பல்மோரல், டன்சினன், ஹோலிரூட், வேவர்லி என்று பஸ் போர்டுகளிலும் கொழுந்து லொறிகளிலும் நாம் வாசிக்கிற தோட்டப் பெயர்கள் எல்லாம் அந்த ஊர் நினைவில் வைத்தவை. ஆகவே பங்களா வராந்தாக்களில் வீ புழங்கியிருக்காமல் இருக்க வழியில்லை. ஆனால் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு அது இறங்கி வரவேயில்லை. லைன் லயமாக இறங்கியது, காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற பரேட் பெரட்டாக இறங்கியது, தேயிலை அரைக்கிற இடம் ஸ்டோராக இறங்கியது. எல்லாம் வேலைக்கு வேண்டிய சொற்கள்.

'சின்ன' போனதோ எதிர்த்திசையில். உதவித் துரைக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் சின்னத்துரை. அது துரைமாரின் இங்கிலீஷுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. பெரியதுரை பி.டி. ஆனார், சின்னத்துரை எஸ்.டி. ஆனார். 19ஆம் நூற்றாண்டில் துரைமாருக்கென்று கொழும்பில் அச்சான தமிழ்க் கைநூல் ஒன்றின் இங்கிலீஷ்த் தலைப்பிலேயே சின்னத்துரை இருக்கிறார். பெரிய கங்காணிக்குக் கீழே இருந்தவர் சில்லறைக் கங்காணி. அந்தச் சில்லறையையும் அப்படியே துரைமார் எழுத்தில் காணலாம். ஆறடி உயரத்தில் மீசை முறுக்கிக்கொண்டு நின்றாலும் சின்னத்துரை சின்னத்துரைதான். வேலை வாங்குகிற இடத்தில் சின்னது, பெரியது என்கிற படிக்கட்டு போதுமாயிருந்தது. வீயில் இருக்கிற கொஞ்சல் விடியற்காலைப் பெரட்டில் யாருக்கு வேண்டியிருக்கிறது?

வீயை விட்டு நகர்வதற்கு முன் வழிகாட்டி வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் 'வீ' தனியே பெயர்ச்சொல்லாக வந்தால் அது சிறுநீர். 'ஐ நீட் எ வீ' என்கிறவருக்கு உடனே டொய்லட்டைக் காட்டவேண்டும். 'ஐ நீட் எ வீ பிட் மோர் டைம்' என்கிறவருக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தால் போதும். அடுத்து என்ன சொல் வருகிறது என்று காது கொடுக்காவிட்டால் ஓட்டோவைத் தப்பான இடத்தில் நிறுத்தவேண்டி வரும்.

அடுத்தது டைனியின் குடும்பம். டைனி பழைய சொல். 'டைன்' என்ற இடைக்கால இங்கிலீஷ்ச் சொல்லிலிருந்து வந்தது என்பதற்கு மேலே அதன் பூர்வீகம் யாருக்கும் பிடிபடவில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது தனியே வராது. 'லிட்டில் டைனி' என்று லிட்டிலின் கையைப் பிடித்துக்கொண்டே வரும். 19ஆம் நூற்றாண்டில் அதை வாயை இழுத்து 'டீனி' என்றார்கள். வீயும் டைனியும் கலந்து அதற்கு முன்பே வீனி பிறந்திருந்தது. அப்புறம் இரண்டையும் சேர்த்து டீனி-வீனி. அதன் பிறகு கட்டுப்பாடே இல்லை: டீன்ஸி-வீன்ஸி, இட்டி-பிட்டி, இட்ஸி-பிட்ஸி. நர்சரிப் பாட்டில் குழாயில் ஏறி மழையில் விழுகிற சிலந்தி அமெரிக்காவில் இட்ஸி-பிட்ஸி, பிரிட்டனில் இன்ஸி-வின்ஸி. நம் நர்சரிகளில் எது ஓடும் என்பது டீச்சர் எந்த யூடியூப் வீடியோவைப் போட்டார் என்பதைப் பொறுத்தது.

எல்லாம் ஏன் இ, ஈ என்றே முடிகின்றன? 1929இல் எட்வர்ட் சப்பிர் என்கிற அமெரிக்க மொழியியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 'மில்', 'மால்' என்று பொருளே இல்லாத இரண்டு சொற்கள். இரண்டும் மேசையைக் குறிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள், எது பெரிய மேசை என்று கேட்டார். கிட்டத்தட்ட 80 சதவீதத்தினர் மால்தான் பெரியது என்றார்கள். இ சொல்லும்போது நாக்கு மேலே எழும்பி வாய்க்குள் இடம் குறுகுகிறது. ஆ சொல்லும்போது வாய் விரிகிறது. அதோடு சின்ன உடம்பிலிருந்து கீச்சுக் குரலும் பெரிய உடம்பிலிருந்து கனத்த குரலும் வருவதைக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். தமிழிலும் சின்ன, சிறு, சிட்டு, இம்மி, இத்தினியூண்டு என்று இகரம் வரிசை கட்டி நிற்கிறது. யாராவது 'இத்தினியூண்டு' என்று சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். கண் இடுங்கும், குரல் மெலியும், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நெருங்கி வரும். மூன்றும் சேர்ந்துதான் அந்தச் சொல். இதைச் சட்டமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலீஷிலேயே பெரியதைச் சொல்லும் 'பிக்'கில் இகரம் இருக்கிறது, சின்னதைச் சொல்லும் 'ஸ்மோல்' வாயைத் திறக்க வைக்கிறது.

இந்த இரட்டைச் சொற்களில்தான் தமிழர்கள் அதிகம் தடுக்கி விழுகிறோம். நாம் 'சின்னச் சின்ன அருவி' என்றால் அருவிகள் பல இருக்கின்றன, ஒவ்வொன்றும் சின்னது என்று அர்த்தம். அதே நினைப்பில் 'ஸ்மோல் ஸ்மோல் வோட்டர்ஃபோல்ஸ்' என்று சொன்னால் கேட்கிற வெள்ளைக்காரருக்குப் 'பல' என்பது போய்ச் சேராது, ஏதோ திக்கிப் பேசுகிறார் என்றே படும். டீனி-வீனியில் சொல் இரட்டிப்பது எண்ணிக்கைக்காக இல்லை, இன்னும் சின்னதாக்க. இரண்டாவது பாதியில் முதல் எழுத்து மாறவும் வேண்டும். முதல் எழுத்து மாறுகிற இரட்டை நம்மிடமும் உண்டுதானே, 'தேத்தண்ணி கீத்தண்ணி' மாதிரி? உண்டு, ஆனால் வேலை வேறு. நம்முடைய கீத்தண்ணி 'அது மாதிரி வேறு ஏதாவது' என்று பொருளை அகலமாக்குகிறது. அவர்களுடைய வீனி பொருளை நசுக்கிச் சிறுப்பிக்கிறது.

இன்னொரு நுணுக்கம். டீனி-வீனி குழந்தையிடம் பேசுகிற பேச்சு. வளர்ந்தவர் இன்னொரு வளர்ந்தவரிடம் அதைச் சொன்னால் பெரும்பாலும் குத்தல். ஹோம்ஸ்டேயில் தங்கியிருக்கிறவர் காலையில் சிரித்துக்கொண்டே வந்து, 'தேர்ஸ் ஜஸ்ட் வன் டீனி-வீனி ப்ரொப்ளம்' என்றால் பிரச்சினை சின்னதில்லை. சுடுதண்ணீர் வரவில்லை, அல்லது கூரை ஒழுகி அவருடைய லெப்டொப்மேல் சொட்டியிருக்கிறது. சிரிப்பைப் பார்த்து நாமும் சிரித்துவிட்டு நகர்ந்தால் அடுத்த நாள் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் விழும்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'டிச்'. பிரிட்டனில் குள்ளமான ஆளை, வகுப்பில் ஆகச் சின்னப் பிள்ளையை டிச் என்பார்கள். மிகச் சின்னப் பொருளை டிச்சி என்பார்கள். இந்தச் சொல்லின் மூலவர் அந்தக் காலத்து இங்கிலாந்திலேயே பேர்போன தடியர் ஒருவர். டிச்போர்ன் என்று ஒரு பணக்காரப் பிரபுக் குடும்பம். அதன் வாரிசு ரொஜர் 1854இல் கப்பலோடு கடலில் காணாமல் போனார். தாய் நம்பவில்லை, மகன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று பத்திரிகைகளில் விளம்பரம் போட்டுக்கொண்டே இருந்தார். 1866இல் அவுஸ்திரேலியாவின் வாகா வாகா என்ற ஊரில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஒருவர், நான்தான் உங்கள் மகன் என்று வந்து நின்றார். ரொஜர் ஒல்லி. வந்தவர் போகப் போக 120 கிலோவைத் தாண்டியவர். ரொஜர் சரளமாகப் பேசிய பிரெஞ்சு இவருக்கு ஒரு வார்த்தை வராது. ஆனாலும் தாய் ஏற்றுக்கொண்டார். குடும்பத்தில் மற்றவர்கள் ஏற்கவில்லை. வழக்கு 1871இல் தொடங்கி வருடக்கணக்காக இழுத்தது, இங்கிலாந்தே இரண்டாகப் பிரிந்து நின்று பார்த்தது. கடைசியில் 1874இல், இவர் ஆர்தர் ஓர்ட்டன் என்கிற ஆள், சொன்னதெல்லாம் பொய் என்று தீர்த்து 14 ஆண்டு சிறை கொடுத்தார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது கென்ட் மாவட்டத்தில் ஹரி ரெல்ஃப் என்று ஒரு பையன் வளர்ந்துகொண்டிருந்தான். பிறந்தது 1867. கொழுகொழுவென்று இருந்ததால், பத்திரிகையில் படம் வருகிற அந்த டிச்போர்ன் ஆளை மாதிரியே இருக்கிறான் என்று ஊரார் கேலி செய்து அந்தப் பெயரையே வைத்தார்கள். பையன் வளர்ந்தான், ஆனால் நாலரை அடிக்கு மேல் வளரவில்லை. 'லிட்டில் டிச்' என்ற பெயரில் மேடை ஏறினான். 28 அங்குல நீளச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அதன் நுனியிலேயே எழும்பி நின்று ஆடிய ஆட்டம் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. அவர் 1928இல் காலமான பிறகும் பெயர் சாகவில்லை. தடியரின் பெயர் குள்ளருக்கு வந்து, குள்ளரிடமிருந்து ஊரில் உள்ள எல்லாக் குட்டிகளுக்கும் போய்விட்டது. டிச் என்பதை முகத்துக்கு நேரே சொல்ல உரிமை வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. கூட்டாளி சொல்லலாம், அண்ணன் சொல்லலாம். வந்து இறங்கிய விருந்தாளியின் மகனை ஹோட்டல்காரர் சொல்ல முடியாது. 'லிட்டில்' அப்படிப்பட்டதில்லை, அதை எங்கேயும் வைக்கலாம். 1996 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் முதல் ஓவரிலிருந்தே அடித்தாட இறங்கிய இலங்கை வீரர் ரொமேஷ் களுவித்தாரணவை வர்ணனையாளர் டோனி கிரெய்க் 'லிட்டில் கலு' என்றபோது ஒருத்தருக்கும் கோபம் வரவில்லை. அந்தப் பெயர் நாடு முழுக்க ஒட்டிக்கொண்டது.

இனிக் கொத்து ரொட்டிக் கடைக்காரருக்கு வேண்டிய கணக்கு. 'பிட்' என்பது கடி. ஒரு கடி அளவு என்பதுதான் ஆதிப் பொருள். 'டேட்' அமெரிக்கச் சொல், முதலில் சின்னப் பையனைக் குறித்தது, தவளைக் குஞ்சான வாற்பேத்தைக்குரிய 'டேட்போல்' என்ற இங்கிலீஷ்ச் சொல்லிலிருந்து ஒடிந்து வந்திருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து. 'ஸ்மிஜன்' 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தலைகாட்டியது, அதற்கும் ஸ்கொட்லாந்து வேர் இருக்கலாம். அமெரிக்காவில் சமையல் சாமான் விற்கிறவர்கள் இதையெல்லாம் கரண்டியாகவே அடித்துவிட்டார்கள். டேட் என்று பொறித்த கரண்டி தேக்கரண்டியில் கால் பங்கு, சிட்டிகைக்கான 'பின்ச்' 16இல் ஒரு பங்கு, ஸ்மிஜன் 32இல் ஒரு பங்கு. நம் பழைய கணக்கிலும் இப்படி ஒரு வெறி இருந்தது. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, இம்மி அதற்கும் எவ்வளவோ கீழே. இன்றைக்கு 'இம்மியும் நகரவில்லை' என்று சண்டையில்தான் அது மிஞ்சியிருக்கிறது.

ஆனால் கடையில் 'எ டேட்' என்பவர் கால் தேக்கரண்டியை நினைத்துச் சொல்வதில்லை. 'உறைப்பு' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லக் கூச்சப்பட்டு, குறையைச் சின்னச் சொல்லில் சுற்றித் தருகிறார். 'இட்ஸ் எ டேட் ஸ்பைஸி' என்று சொல்கிற பிரிட்டிஷ்காரரின் கண்ணில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்த டேட் ஒரு அகப்பை. அதே மாதிரி 'எ பிட் ஒஃப் எ வோக்' என்று அவர்கள் சொல்கிற நடை நாலைந்து மைல் இருக்கும். நம் ஊரில் வழி கேட்டால் 'இந்தா கிட்டத்தான்' என்று தாத்தாமார் சொல்வதும் இதே கணக்கு என்பதால் இதில் நாம் அவ்வளவாக ஏமாறமாட்டோம். எல்லயில் 'லிட்டில் அடம்ஸ் பீக்' என்று ஒன்று இருக்கிறதே, அந்த லிட்டிலின் உயரம் 1,141 மீற்றர். அசல் அடம்ஸ் பீக்கான 2,243 மீற்றர் சிவனொளிபாத மலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது லிட்டில். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பு ஒன்று போதாதென்று சின்ன உலக முடிவு வேறு. அங்கே வழுக்கி விழுகிறவருக்கு அந்தச் சின்னவால் ஒரு ஆறுதலும் கிடையாது.

கொஞ்சலும் கூச்சமும் போக, இளக்காரத்துக்கென்றே இருக்கிற சொற்களும் உண்டு. 'மீஸ்லி' அதில் முதல். மீஸல்ஸ் என்கிற சின்னமுத்து நோயின் பெயரிலிருந்து வந்தது. உடம்பெல்லாம் புள்ளி போட்ட, ஒன்றுக்கும் உதவாத என்ற பொருளிலிருந்து 'அற்பத்தொகை' என்ற பொருளுக்கு நகர்ந்தது. நோயின் தமிழ்ப் பெயரிலும் 'சின்ன' இருப்பது தற்செயல்தான், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு ஒரு பயணி 'மீஸ்லி' என்றால் வாங்குகிறவரை அவர் கேவலப்படுத்தவில்லை, கொடுக்கிறவரைத்தான் வைகிறார். 'பீனட்ஸ்' என்றாலும் அப்படியே. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிறதே, அதை விளக்கிச் சொன்னால் இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் வரும். 'ஸ்மோல்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர் கணக்கைத்தான் கேட்டிருக்கிறார். மீஸ்லி என்கிறவர் கட்சி எடுத்துவிட்டார்.

ஆள்மேல் வீசுகிற இளக்காரம் வேறு. 'பிப்ஸ்க்வீக்', 'ஸ்க்வர்ட்', 'ஸ்ரிம்ப்' எல்லாம் சண்டைக்கு முன்னால் வருகிறவை. காதில் விழுந்தால் புரிந்தால் போதும், வாயில் வரவேண்டாம்.

கடைசியாக ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் அறையைப் பற்றி எழுதுகிற இடம். இங்கே ஒரே அளவுக்கு மூன்று விலை. 'போக்கி' என்றால் சின்னது, மூச்சு முட்டுகிறது, பிடிக்கவில்லை. இதை விருந்தாளிதான் எழுதுவார், நீங்கள் எழுதப்போவதில்லை. 'கோஸி' என்றால் சின்னது, கதகதப்பானது. இதுவும் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த சொல்தான், தேத்தண்ணிப் பானைக்குப் போடுகிற துணி உறைக்கும் அதுவே பெயர். எல்லக் குளிருக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் பிரிட்டனில் வீட்டுத் தரகர்கள் பொந்து மாதிரி அறைகளுக்கெல்லாம் கோஸி என்று விளம்பரம் போட்டுப் போட்டு, வாசிக்கிறவர் 'ஆகச் சின்ன அறை போலிருக்கிறது' என்று தானாகவே புரிந்துகொள்கிற நிலைக்கு வந்துவிட்டது. அது உங்களுக்கு நல்லதுதான், ஏமாந்தேன் என்று சண்டைக்கு வரமாட்டார். மூன்றாவது 'டிங்கி'. இது ஆபத்தானது. பிரிட்டிஷ்காரருக்கு டிங்கி என்றால் சின்னதாய், கச்சிதமாய், அழகாய் இருப்பது. அமெரிக்கருக்கு அதே டிங்கி ஒன்றுக்கும் உதவாத அற்பம். மன்செஸ்டரிலிருந்து வந்தவர் உங்கள் விருந்தாளிக் குறிப்பேட்டில் 'வட் எ டிங்கி லிட்டில் ரூம்' என்று ஆசையாக எழுதிவிட்டுப் போயிருப்பார். அதைப் பெருமையாக எடுத்து விளம்பரத்தில் போட்டால் சிக்காகோக்காரர் அடுத்த ஹோட்டலுக்குப் போய்விடுவார். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று இலக்கத்தில் போட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்தால் எல்லப் பாறை தெரியும் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். கோஸி வேண்டுமானால் ஒரு தடவை வரலாம்.